ரெடி பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலை ஆறே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஒன்பது மணிக்குச் சிவகாசியில் இறங்கினேன். ராஜரத்தினம் அண்ணாச்சி பிரஸ்ஸில் பூஜை. வருடா வருடம் கூப்பிடுவார், இந்த வருடம்தான் போனேன். என் பழைய கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஏப்ரலிலிருந்து இல்லை.

காலண்டர் சீசன் உச்சத்தில் ஒரு நாள் முழுக்க மெஷினை நிறுத்துவது சாமிக்காக மட்டும்தான் நடக்கும். நாலு கலர் மெஷின் இரண்டுக்கும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொரி, கடலை, பூசணிக்காய். கட்டிங் மெஷின் கத்திக்குக்கூடக் குங்குமம். எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி என்னை ஏசி அறைக்குக் கூட்டிப்போனார். சர்வர், டிஸ்க் அடுக்குகள், நான் விற்ற பெட்டி எல்லாம் அங்கேதான்.

"எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தாச்சு. இது மட்டும் வருசம் பூரா முழிச்சுக் கெடக்கு. இது என்னப்பா பாவம் பண்ணுச்சு? நீ வித்த சாமான், நீயே அமத்து."

டிசைன் போடும் வேல்மயில் "அண்ணே, அது வந்து" என்று ஆரம்பித்தான். "பூசை நேரத்துல குறுக்க பேசாத" என்று அண்ணாச்சி அதட்டினார்.

பெட்டியின் முகப்பில் யாரோ ஒரு துண்டுக் காகிதத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுத்து மங்கிப்போயிருந்தது. சந்தனம் வைக்க இடமில்லாததால் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சந்தனம் குங்குமம் வைத்து, என் கையாலேயே அமத்தினேன். மூன்று வருடமாக எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. அறை திடீரென்று அமைதியானது நன்றாகவே இருந்தது.

சாப்பாடு பிரமாதம். இரண்டு பாயாசம்.

அக்டோபர் 12, சனி

எட்டு இருபதுக்கு அண்ணாச்சியிடமிருந்து போன்.

"ஏப்பா அழகுமலை, சாமியெல்லாம் காணோம்."

எனக்கு உடனே புரியவில்லை. காலண்டருக்கான சாமி படங்கள். பத்தொன்பது வருடமாகச் சேர்ந்தவை, பதினாலாயிரம் இருக்கும். முருகன் மட்டுமே ஆயிரத்துச் சொச்சம். வரைந்தவர்கள் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. மூலப் படங்களைக் கரையான் தின்றுவிட்டது. இருப்பதெல்லாம் அந்த டிஸ்க் அடுக்குகளில்தான். விஜயதசமி நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். மெஷின் ஓடுகிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது, டிஸ்க்கும் சுற்றுகிறது. ஆனால் படம் ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பெட்டி என்னவென்று இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே தேவைப்படும். அண்ணாச்சியின் டிஸ்க் அடுக்குகள் பழைய வகை. இப்போதைய கம்ப்யூட்டர்களில் அதைச் சொருக ஓட்டையே கிடையாது. நடுவில் இந்தப் பெட்டி உட்கார்ந்து அந்தப் பக்கம் டிஸ்க்கோடும் இந்தப் பக்கம் நெட்வொர்க்கோடும் பேசும். ஒரு பாலம் மாதிரி. பார்க்கப் பழைய வி.சி.ஆர். போல இருக்கும். ஏலத்தில் எடுத்தது. சுவிட்சைப் போட்டதும் ஓடுகிற சாமான் அல்ல. எந்த டிஸ்க் எத்தனையாவது, கம்ப்யூட்டர் எந்த விலாசத்தில் இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகத் தட்டிச் சொல்ல வேண்டும். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துத்தான். நான் எட்டாவது வரை படித்தவன், காயலான் கடையில் மானிட்டர் உடைத்துச் செம்பு பிரித்து மேலே வந்தவன். தட்டுகிற வேலையெல்லாம் எஸ்தர்தான் பார்த்தாள். ஒன்பது வருடம் என் கடையில் இருந்தவள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன்: "அந்தப் பிள்ளை எஸ்தரு அன்னைக்கு வேலைய முழுசா முடிக்காமப் போயிருக்கும் போல, அண்ணாச்சி. சேவ் பண்ணாம விட்டுருக்கும்."

வியாபாரத்தில் முதல் பத்து நிமிடம் முக்கியம். தப்பு யாருடையது என்று முந்திச் சொல்கிறவன் பேச்சுத்தான் நிற்கும்.

"அப்படியா? அப்ப இனிமே அந்தப் பிள்ளை கை என் சாமான்ல படக் கூடாது" என்றார் அண்ணாச்சி. "நீ வா. திங்கக்கெழம இல்ல, அடுத்த திங்கக்கெழம மொத பாரம் அச்சுக்கு மெஷின்ல ஏறணும். இல்லாட்டி ஆர்டரு பூரா பக்கத்துக்காரனுக்குப் போயிரும். எல்லாப் பயலும் 'போன வருசம் போட்ட அதே முருகன்'னுதான் கேக்குறான். நான் எந்த முருகனக் காட்ட?"

வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நீல ஒயரை எடுத்துக்கொண்டு மறுபடி சிவகாசி. அந்தப் பெட்டியிடம் பேச இந்த ஒயர்தான் வழி. ஒரு முனை பெட்டியின் முதுகில், மறுமுனை லேப்டாப்பில். கடையில் ஒன்றுதான் உண்டு. ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு.

திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: ரெடி. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. எனக்கென்னவோ புது வேலையாள் முதல் நாள் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஒன்றும் தெரியாது, ஆனால் ரெடி.

'ஹெல்ப்' என்று தட்டினேன். நூற்றுச் சொச்சம் சொற்கள் வரிசையாக ஓடின. கடைசி இருபதுதான் திரையில் நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடி அதே இருபது.

வேல்மயில் இங்கிலீஷ் கொஞ்சம் படிப்பான். இருவருமாகச் சேர்ந்து மதியத்துக்குள் இரண்டு அடுக்கைத் தெரிய வைத்தோம். நான் கை தட்டினேன். அப்போது கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் முளைத்தது. புது டிஸ்க் வந்திருக்கிறது, தயார்படுத்தவா என்று கேட்டது. கேட்டால் சரி என்பதுதானே மரியாதை. விரலைக் கொண்டுபோய்விட்டேன்.

வேல்மயில் என் மணிக்கட்டைப் பிடித்தான். நன்றாகவே பிடித்தான், இப்போதும் வலிக்கிறது.

"அண்ணே! அது தயார்படுத்துறதுன்னா தொடச்சு விடுறதுண்ணே! அத்தனையும் போயிரும்!"

நாலு அடுக்கையும் ஒரே அடுக்காகப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் அது. வரிசை மாறினால் யாரோ போலப் பார்க்கிறது, புதுசு என்கிறது. சரியான வரிசையும் எண்களும் தெரியாமல் தொடக் கூடாது. ஒயரைக் கழற்றிவிட்டேன்.

வாசலில் வைத்து வேல்மயில் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணே, அந்தக்காட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"எந்த அக்கா?"

"எஸ்தரக்கா. இப்ப தனியாத்தான் செய்றாங்க. ரெண்டு மூணு பிரஸ்ல வருசக் கான்ட்ராக்ட் கேட்டு எழுதிக் குடுத்திருந்தாங்க. நேத்து சாயந்திரம் எல்லாரும் வேண்டாம்னுட்டாங்களாம். அண்ணாச்சி பிரஸ்காரங்க சங்கத்துல பேசியிருக்காரு."

சிவகாசியில் ஒரு பேச்சு ஒரு பகலில் எல்லா பிரஸ்ஸுக்கும் போய்விடுகிறது. போஸ்டர் ஒட்டினால்கூட இவ்வளவு வேகம் இருக்காது.

எனக்கென்ன என்று பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

அக்டோபர் 14, திங்கள்

பெங்களூரில் ஒருவரைப் பிடித்தேன். பழைய சாமான்களில் கை உள்ளவர் என்றார்கள். பெட்டியின் மாடலைச் சொன்னதும் சிரித்தார். "அது இன்னும் உயிரோட இருக்கா?" என்றார். பழைய செட்டிங் எங்காவது எழுதி வைத்திருந்தால் அரை மணி நேர வேலை, இல்லாவிட்டால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

எஸ்தர் ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைப்பாள். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் காசில் வாங்கிய நோட்டு.

அவள் போன விஷயமும் சின்னதுதான். திருமங்கலத்தில் ஒருவருக்கு விற்ற சர்வரில் விசிறி நின்று உள்ளே கருகிவிட்டது. அந்த விசிறியை மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கடைக்கு வந்து சத்தம் போட்டபோது, "இந்தப் பிள்ளை பார்க்காம விட்டுருச்சு சார்" என்றேன். வாய்ப் பேச்சு. வந்தவரை அனுப்பி வைக்க வேண்டாமா. எஸ்தர் டீயைக் குடித்து முடித்தாள். கடைச் சாவியைக் காலி டம்ளருக்குள் போட்டுவிட்டுப் போனாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது டீக்கடைக்காரர்தான் சாவியைப் பார்த்துக் கொடுத்தார்.

இரவு சாப்பிடும்போது என் மனைவி போதும்பொண்ணு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். துவைக்கப் போட்ட சட்டைப்பையில் இருந்ததாம். சந்தனம் ஒட்டியிருந்தது.

"'அமத்தக் கூடாது. எஸ்தர்'னு எழுதியிருக்கு. எத அமத்தக் கூடாது?"

"லைட்ட" என்றேன்.

"எந்த லைட்ட?"

"குழம்ப ஊத்து" என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

போனில் பழைய படங்களைத் துழாவினேன். 2021 நவம்பரில் பெட்டியை மாட்டிய அன்று ஒரு படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டது ஞாபகம் வந்தது. 'சிவகாசியில் மற்றுமொரு வெற்றி' என்று எழுதிப் போட்டேன். அதைப் பார்த்து இரண்டு விசாரணை வந்தது.

படம் கிடைத்தது. லேப்டாப் திரை முழுக்க எண்கள். நாலு அடுக்கின் வரிசை, விலாசம், எல்லாம். மேலே இரண்டு வரி மட்டும் டியூப் லைட் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. மற்றதெல்லாம் தெளிவு. நல்ல போன், அப்போதே தேடி வாங்கியது.

கீழே கடைசி வரியில் ரெடி. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை ஒயரைச் சொருகியதும் அந்த இடத்தில் புள்ளிதான் இருந்தது. பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டு நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்டேன். "சொன்னதெல்லாம் காதுல வாங்கிருச்சு, மனசுல எழுதலன்னு அர்த்தம். சேவ் குடுக்குற வரைக்கும் நிக்கும். கரண்ட் போனா மறந்துரும்" என்றார்.

அந்த அறைக்கு நல்ல யூ.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் நானே விற்றிருக்கிறேன். அதனால்தான் மூன்று வருடம் கரண்டே போகவில்லை.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு கை. பெட்டியின் முதுகில் நீல ஒயரைப் பிடித்திருக்கிறது. விரலில் மோதிரம். என் மோதிரம். இடது கையால் படம் எடுத்துக்கொண்டே வலது கையால் ஒயரை உருவியிருக்கிறேன். சாத்தூரில் ஒருவர் அதே ஒயருக்காகக் காத்திருந்தார். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு.

எஸ்தர் முகம் பாதி தெரிகிறது. வாய் திறந்திருக்கிறது. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னவென்று நினைவில்லை.

நினைவிருக்கிறது. "அண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அதற்குப் பிறகும் கேட்டாள். ஒரு நாள் ஒயரோட சிவகாசி போய்ட்டு வந்துர்றேன்ணே என்று. இரண்டு தடவை. மூன்று தடவைகூட இருக்கலாம். ஓடுகிற சாமானுக்கு எதற்கு ஒரு நாள் வேலையைக் கெடுப்பது என்றேன். பிறகு எங்கள் கடை பில் புத்தகத்துக்கு அச்சுப் பிழை சரிபார்க்க பிரஸ்ஸுக்குப் போனபோது அவள்தான் அந்தக் காகிதத்தை ஒட்டியிருக்க வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

வெளுத்துப்போன இரண்டு வரி எஸ்தருக்குத்தான் தெரியும். படத்தின் வலது ஓரத்தை வெட்டிவிட்டு, கீழேயும் கொஞ்சம் வெட்டிவிட்டு, அவளுக்கு அனுப்பினேன். 'மேல் ரெண்டு வரி என்ன' என்று மட்டும் எழுதினேன். ஆறு மாதம் கழித்து அனுப்புகிற செய்தி, நீளமாக இருந்தால் சரியாக இருக்காது.

பதினோரு நிமிடத்தில் பதில்: 'முழுப் படம் அனுப்புங்கண்ணே.'

'அவ்வளவுதான் இருக்கு.'

'அன்னைக்கே எனக்கும் அனுப்பினீங்க. ஸ்டேட்டஸ்ல வைக்கச் சொல்லி. முழுசா என்கிட்ட இருக்கு.'

கடையில் கூட்டம் இருந்ததால் உடனே பதில் போட முடியவில்லை. கூட்டம் என்றால் ஒருவர்.

அக்டோபர் 17, வியாழன்

எஸ்தரே போன் செய்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"நானே சிவகாசி போய் முடிச்சுக் குடுத்திருவேன். ஆனா அண்ணாச்சி என்னைய உள்ள விட மாட்டாரு. ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

"அது வந்து எஸ்தரு..."

"நாளைக்குப் பத்தரைக்கு அங்க இருங்க. நான் போன்ல சொல்றேன், நீங்க தட்டுங்க. ஒயர் இருக்கா?"

"இருக்கு."

"அது இருக்கும்" என்றாள்.

எதற்காக உதவுகிறாள் என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

"பெட்டி மேல என் பேரு எழுதியிருந்துச்சுல்லண்ணே" என்றாள். "இப்ப இல்லைன்னு வேல்மயிலு சொன்னான்."

அக்டோபர் 18, வெள்ளி

விவரமாக எழுதுகிறேன்.

பத்து இருபதுக்கு ஏசி அறையில் உட்கார்ந்தேன். ஒயரைச் சொருகினேன். அண்ணாச்சி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேல்மயில் கம்ப்யூட்டரில். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"யாருப்பா லைன்ல?" என்றார் அண்ணாச்சி.

"பெங்களூர்க்காரர், அண்ணாச்சி. பெரிய ஆளு."

காதில் நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு எஸ்தர் சொன்னாள்: "சரிங்க. ஆரம்பிப்போமா?"

"சொல்லுங்க சார்."

"மொதல்ல 'செட்'. ஒரு இடம் விடுங்க. அப்புறம் விலாசத்துக்கான சொல். படத்துல இருக்கு பாருங்க, அப்படியே. இங்கிலீஷ் எழுத்து பெருசா சின்னதான்னு கவலைப்படாதீங்க. புள்ளி மட்டும் விட்றாதீங்க."

எனக்கு ஒரு விரல்தான் தட்ட வரும். ஒவ்வொரு வரியையும் தட்டிவிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சரி என்ற பிறகே என்டர். அவளுடைய வழக்கம் அதுதான். முன்பு இதைப் பார்த்துவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிறாயா என்று கேலி செய்திருக்கிறேன்.

"இப்ப அந்த வெளுத்துப்போன ரெண்டு வரி" என்றாள். நோட்டின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. மெதுவாகச் சொன்னாள். தட்டினேன்.

"ஏ அழகுமலை" என்றார் அண்ணாச்சி. "பெங்களூர்க்காரன் தமிழ்லயா பேசுறான்?"

"ஓசூர்ப் பக்கம், அண்ணாச்சி."

காதில் இருமல் சத்தம். சிரிப்பாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு அடுக்குகளின் வரிசை. மூன்றாவதுதான் முதலாவது, முதலாவது நாலாவது. படத்தில் அப்படித்தான் இருந்தது. நான் மட்டும் யோசித்திருந்தால் ஆயுள் முழுக்க வந்திருக்காது. நாலாவதைத் தட்டி என்டர் கொடுத்தேன். டிஸ்க் அடுக்குகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக மின்ன ஆரம்பித்தன.

வேல்மயில் ஒரு ஃபோல்டரைத் திறந்தான். தயார்படுத்தவா என்று எந்தக் கட்டமும் கேட்கவில்லை. படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. முதலில் வேல் முனை. பிறகு கிரீடம். பிறகு முகம். மயிலின் கழுத்து வந்தபோது அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் விரல் ரேகை முருகன் மேல் பதிந்தது. வேல்மயில் அதைத் துடைக்கவில்லை.

"அதே முருகன்" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "போதும்ப்பா, பெரிய வேலை பாத்துட்ட. எந்திரி, சாப்பிடப் போவோம். பன்னெண்டரை ஆச்சு" என்றார்.

என் வலது கை தானாகப் பெட்டியின் முதுகுக்குப் போய்விட்டது. ஒயரைப் பிடித்தும்விட்டது. கைக்கு அது பழக்கம்.

"அண்ணே." காதில் எஸ்தர். "ரெடி பக்கத்துல என்ன இருக்கு?"

பார்த்தேன்.

"நட்சத்திரம் சார்."

"அன்னைக்கும் அதான் இருந்துச்சு."

ஒயரை விட்டேன்.

சேவ் என்று தட்டச் சொன்னாள். எழுத்தெழுத்தாகச் சொன்னாள், எனக்கு அந்தச் சொல் தெரியும் என்றாலும். தட்டினேன். பெட்டி சற்று யோசித்தது. ரெடி. பக்கத்தில் புள்ளி.

"முடிஞ்சுதா சார்?"

"இல்ல. இப்ப அமத்துங்க."

"என்னது?"

"பெட்டிய சுவிட்சுல அமத்துங்க. பத்து எண்ணிட்டுப் போடுங்க. மனசுல எழுதியிருக்கான்னு அப்பதான் தெரியும். தெரியாம விட்டுட்டு அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி அழக் கூடாது."

அண்ணாச்சியிடம் திரும்பி, ஒரு தடவை அமத்திப் போட வேண்டுமாம் என்றேன். அவர் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ஏய்! இப்பத்தான் வந்திருக்கு. மறுபடி அமத்துறதா? ஒரு தடவ நீ அமத்துனதுக்கே ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. மொகந்தெரியாத பெங்களூர்க்காரன் சொல்லுவான், நான் நம்பி அமத்தணுமா? ஓடுறவரைக்கும் ஓடட்டும். சாமானத் தொடாத."

ஓடுகிற சாமானைத் தொடாதே. நான் மூன்று வருடம் சொன்ன பேச்சு. இன்னொருவர் வாயில் கேட்க அவ்வளவு புத்திசாலித்தனமாக இல்லை.

சரி அண்ணாச்சி என்று கிளம்பியிருக்கலாம். சேவ் ஆகியிருக்கும், அநேகமாக. சாப்பாடும் தயார். நல்ல பெயரும் தயார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் இன்னும் லைனில்தான் இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது.

இயர்போனைக் கழற்றினேன்.

"பெங்களூர்க்காரன் இல்ல, அண்ணாச்சி. லைன்ல இருக்கிறது எஸ்தரு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேல்மயில் முருகனைப் பார்த்தான்.

"எந்த எஸ்தரு? சேவ் பண்ணாமப் போன பிள்ளையா?"

"அது போகல. இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குண்ணேன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நான் ஒயரப் புடுங்கிட்டேன். சாத்தூருக்கு நேரமாச்சுன்னு. அப்புறமும் வந்து முடிச்சிட்டுப் போறேன்னு கேட்டுச்சு, நான் விடல. அமத்தக் கூடாதுன்னு பெட்டி மேல எழுதி ஒட்டி வச்சிருந்துச்சு. பூசை அன்னைக்கு அதையும் நான்தான் உரிச்சேன்." போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். முழுப் படம். "இது என் கை."

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என் மோதிரத்தைப் பார்த்தார். அச்சுத் தொழிலில் ஐம்பது வருடம் இருப்பவர், புரூப்பையும் மூலத்தையும் ஒத்துப் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

"சங்கத்துல வச்சுச் சொன்னேனேப்பா" என்றார். "எட்டு பேரு இருந்தாங்க. ஒரு பொம்பளப் பிள்ளை பொழப்ப."

போனை மேஜையில் வைத்தேன்.

இயர்போனை என் கையிலிருந்து வாங்கி, எந்தப் பக்கம் எந்தக் காதுக்கு என்று தெரியாமல், வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உரக்கக் கேட்டார்: "ஏம்மா எஸ்தரு, அண்ணாச்சி பேசுறேன். இதை அமத்தலாமா?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"அந்தப் பிள்ளை சொன்னா அமத்தலாம்" என்றார். நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். "நீ தள்ளு. வேல்மயிலு, நீ அமத்து. இவன் கை வேண்டாம்."

வேல்மயில் அமத்தினான். விளக்கு அணைந்தது. முருகன் போய்விட்டார். அண்ணாச்சி வாய்விட்டுப் பத்து எண்ணினார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நீண்ட நேரம் நின்றார். வேல்மயில் போட்டான். பெட்டி இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் உட்காரவில்லை.

ரெடி. புள்ளி.

வேல்மயில் திறந்தான். வேல் முனை, கிரீடம், முகம்.

சாப்பாட்டுக்கு அண்ணாச்சி என்னை மறுபடி கூப்பிடவில்லை. நானும் பசியில்லை என்று சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டேன். நாலு.

அக்டோபர் 19, சனி

இந்த நோட்டில் எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. 12ஆம் தேதிப் பக்கத்தில், சேவ் பண்ணாமல் விட்டது எஸ்தர் என்று அண்ணாச்சியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறேன். அடிக்க நினைத்தேன். அடித்தால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றும். பக்கத்தில் 'பொய்' என்று மட்டும் எழுதினேன்.

மழை. வியாபாரம் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்று முதல் பாரம் ஏறியதாம். வேல்மயில்தான் சொன்னான். அண்ணாச்சி சங்கத்துக்குப் போய் அதே எட்டுப் பேரை உட்கார வைத்துப் பேசினாராம். என் பெயரையும் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே வேண்டாம் என்ற மூன்று பிரஸ்ஸும் எஸ்தரைக் கூப்பிட்டிருக்கின்றன. அண்ணாச்சி பிரஸ்ஸில் வருட சர்வீஸும் இனி அவளுக்கே. இதுவரை என்னிடம் இருந்தது.

பெட்டியின் முகப்பில் அண்ணாச்சி புதுக் காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறாராம். கனமான ஆர்ட் பேப்பர், நாலு கலர், மேலே முருகன். 'அமத்தக் கூடாது. எஸ்தர்.' வேல்மயில் படம் அனுப்பினான். இப்போது அமத்தினாலும் ஒன்றும் ஆகாது என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"உன்னைய யாரு கேட்டா" என்றார். ஆனால் போனை எடுத்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

மதியம் எஸ்தர் கடைக்கு வந்தாள். படியேறி வரும் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. டீ சொன்னேன். உட்காரவில்லை.

"நீல ஒயர் வேணும்ண்ணே. நாளைக்குச் சிவகாசில மூணு எடத்துல வேலை. புதுசு வர ஒரு வாரம் ஆகுமாம்."

ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, சுருட்டி, பைக்குள் வைத்தாள். கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் மேஜையில் நான் பழைய கீ போர்டுகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"திருமங்கலத்துக்காரர்ட்டயும் போன் போட்டுச் சொன்னேன்" என்றேன். "விசிறி விஷயத்த. நீ மாத்தச் சொன்னத."

"என்ன சொன்னாரு?"

"கெட்ட வார்த்தைல திட்டினாரு."

"என்னையா, உங்களையா?"

"என்னையத்தான்."

"சரி" என்றாள். டீ வந்தது. நின்றபடியே பாதி குடித்தாள். டம்ளரை வைக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். டீ மட்டும்தான் இருந்தது.

படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஒயரை அடுத்த வாரம் கொண்டாந்து தந்திர்றேன். அதுக்குள்ள வேணும்னா சொல்லுங்க."

வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். கேட்டதா தெரியவில்லை. தெருவில் தீபாவளிக் கூட்டம்.

அக்டோபர் 26, சனி

ஒயர் வாங்கினேன். இரண்டு.